பாலைப்பழமும் மறைக்கல்வியும்

எருசலேமின் மீட்சிக்கு இறைவாக்கினர் செக்கரியா காட்டும் அடையாளம் விசித்திரமானது. பாபிலோனிய அடிமைத்தனத்திலிருந்து திரும்பிய மக்கள் இடிந்த ஆலயத்தை மீளக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கோபுரம், கருவூலம், படைபலம் என்று எதையும் அவர் சொல்லியிருக்கலாம். எட்டாம் அதிகாரத்தில் அவர் காண்பதோ, கோலூன்றிய முதியவர்கள் தெருவோரம் அமர்ந்திருக்க, சிறுவரும் சிறுமியரும் நகர வீதிகளை நிறைத்து விளையாடும் காட்சி.

போர் தின்ற மண்ணில் வாழ்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்னர் வன்னியில் மீளக்குடியமர்ந்த பிள்ளைகள், மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நாட்டிய பற்றைக்குள் கால் வைக்கக்கூடாது என்பதைத்தான் முதலில் கற்றார்கள். நாவற்பழம் கொட்டிக் கிடந்தாலும் பொறுக்கப் போகக்கூடாது. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை இணைந்துகொண்டதே 2017 டிசெம்பரில்தான். காடு என்றால் கால் போகும் என்ற அச்சத்தோடு ஒரு தலைமுறை வளர்ந்தது.

என் தலைமுறைக்கு வாய்த்த காடு வேறு. யூலை 2ஆம் திகதி மடுத் திருவிழாவுக்குப் போனால், காட்டுக்குள் கூடாரமடித்து நாட்கணக்கில் தங்குவோம். பெரியவர்கள் செபமாலை சொல்வார்கள். நாங்கள் பாலை மரங்களின் கீழ் நிற்போம். பாலைப்பழம் தின்றால் உதடுகள் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய அந்த உதடுகளோடுதான் மாலைச் செபத்திற்கு ஓடுவோம். குரங்குகள் கொப்பை உலுப்பும்வரை காத்திருப்பதா, கல்லெறிவதா என்பதுதான் அன்றைய எங்கள் இறையியல் விவாதம்!

இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில் பலரும் கவனியாத ஒரு கட்டளை உண்டு. வழியில் பறவைக் கூட்டைக் கண்டால், குஞ்சுகளோடு தாயையும் சேர்த்துப் பிடிக்காதே, தாயைப் போகவிடு என்கிறது அது. பற்றைகளுக்குள் திரியும் பையன்களை நன்கறிந்த ஒருவர்தான் இதை எழுதியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தும்பியின் வாலில் நூல் கட்டுவதும் ஓணானைக் கல்லால் அடிப்பதும் சிறுவர் உலகில் நடப்பவைதாம். குழந்தைகளையும் இயற்கையையும் பற்றித் தேனொழுக எழுதுகின்றவர்கள் இதனை வசதியாக மறந்துவிடுவார்கள். கையில் கல்லும் எதிரே ஓர் உயிரும் இருக்கின்ற அந்தக் கணத்தில்தான் பிள்ளை இரக்கத்தைக் கற்கிறது. நான்கு சுவருக்குள் அந்தப் பாடத்தை நடத்த முடியாது.

இயேசுவின் பேச்சில் கடுகு விதை வருகிறது, அத்திமரம் வருகிறது, ஒரு காசுக்கு விற்கப்படும் இரண்டு குருவிகள் வருகின்றன. சந்தைவெளியில் குழலூதிக் கலியாண வீடும், ஒப்பாரி வைத்துச் செத்த வீடும் விளையாடிய பிள்ளைகளைக்கூட அவர் கவனித்திருக்கிறார் என்பது மத்தேயு 11ஆம் அதிகாரத்தில் தெரிகிறது. அவரைச் சூழ நின்று கேட்டவர்கள் இவற்றையெல்லாம் கையால் தொட்டு அறிந்தவர்கள். நமது பிள்ளைகளோ இவற்றைப் பரீட்சை விடைகளாக அறிகிறார்கள். விதைப்பவன் உவமையில் எந்த நிலம் எதைக் குறிக்கிறது என்று கேளுங்கள், வரிசை தவறாமல் ஒப்புவிப்பார்கள். ஒரு பயற்றங்கொட்டையை ஊன்றிவிட்டு, முளைத்துவிட்டதா என்று பொறுமையிழந்து மறுநாளே தோண்டிப் பார்த்தவர்கள் அவர்களில் எத்தனை பேர்?

இதற்குப் பிள்ளைகளைக் குறைகூற முடியாது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வந்தாலே ஞாயிற்றுக்கிழமையும் பறிபோகிறது. திருப்பலி முடிந்த கையோடு ரியூசன். இடையில் கிடைக்கும் ஒரு மணித்தியாலத்தையும் நாம் மறைக்கல்வி என்று வாங்கி, அதனையும் இன்னொரு வகுப்பாக்கி, அதற்கும் பரீட்சை வைக்கிறோம். வெளிநாட்டிலுள்ள உறவுகள் ஊர் ஆலயத்துக்கு அனுப்பும் பணமோ பல இடங்களில் மதிலாகவும் சீமெந்துத் தரையாகவும் மாறுகிறது. மண் தெரியாத வளவில் பிள்ளை எதைத் தோண்டும்? பணம் அனுப்புகின்றவர்கள் அடுத்த முறை இதைக் கொஞ்சம் விசாரிக்கலாம்.

படைப்பைப் பேணுதல் பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'லவுதாத்தோ சி' என்ற சுற்றுமடலை எழுதினார். அதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் புதிய மண்டபம் எதுவும் வேண்டியதில்லை. எஞ்சியிருக்கும் வேம்பையும் மருதையும் தறிக்காமல் விட்டாலே போதும். மறைக்கல்வியை அரை மணித்தியாலத்துடன் நிறுத்திவிட்டு, மிகுதி நேரத்துக்குப் பிள்ளைகளை வளவுக்குள் அவிழ்த்து விடுங்கள். போட்டி வேண்டாம், பரிசில் வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். ஆசிரியர்கள் மரத்தடியில் சும்மா இருக்கட்டும். செக்கரியா கண்ட காட்சியில் கோலூன்றிய கிழவர்களுக்கும் இடமுண்டு. ஒரு வாங்கு போட்டுத் தந்தால் நானும் வந்து உட்காரத் தயார்.