சலுகை அல்ல, கேட்கும் உரிமை

“ஜோகூரிலிருந்து தினமும் வந்துபோகிறவர்களுக்குச் சம்பளம் சிங்கப்பூர் வெள்ளியில், செலவு மலேசிய ரிங்கிட்டில். இந்த லாபம் போதாதென்று வேலை நேரத்திலும் சலுகையா?” சிங்கப்பூரில் பலர் நம்பும் வாதம் இது. ஓட்டைகளைப் பார்ப்போம்.

1. வெள்ளி செய்த வேலைக்கான கூலி. நாணய மாற்று விகிதத்தை முதலாளியா நிர்ணயிக்கிறார்? அவர் கொடுக்காத ஒன்றுக்கு அவருக்கு எதற்கு நன்றிக்கடன்?

2. எல்லை தாண்டினால் லாபம் மட்டுமா? மலேசியாவில் 2023 முதல் மகப்பேற்று விடுப்பு 98 நாள். சிங்கப்பூரில் 16 வாரம். குழந்தை அந்நாட்டுக் குடிமகனாக இல்லாவிட்டால் 12 வாரம்தான், சம்பளம் பொதுவாக எட்டு வாரத்துக்கே. இந்த இழப்பை ஏன் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை?

3. நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கான வழிகாட்டி நெறிமுறைகள் 2024 டிசம்பர் 1 முதல் சிங்கப்பூரில் நடப்பில் உள்ளன. தகுதிகாண் காலம் முடித்த ஊழியர் எவரும் விண்ணப்பிக்கலாம். முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். வீடு எந்தக் கரையில் என்று அவை கேட்கவில்லை. நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்?

4. முதலாளி மறுக்கலாம், ஆனால் தொழில் சார்ந்த நியாயமான காரணம் வேண்டும். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி நெரிசலைத் தவிர்க்க ஒரு மணி நேரம் முன்னதாக வந்து முன்னதாகப் போவதால் எந்தத் தொழில் கெடும்? கெடும் என்றால் கணக்கைக் காட்டுங்கள். பொறாமை காரணமாகாது.