பிள்ளையை ஒப்படைக்கும் முன்

2024 ஆகஸ்டு 20. கல்யாணுக்கு அப்பால் உள்ள பத்லாபூர் ரயில் நிலையத்தில் மக்கள் தண்டவாளத்தில் இறங்கினார்கள். காலையில் நின்ற வண்டிகள் மாலையில்தான் நகர்ந்தன. ரயில்வேயில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு அன்று தொல்லைதான். ஆனாலும் அந்த மக்கள் மீது நமக்குக் கோபம் வரவில்லை.

அவ்வூர்ப் பள்ளி ஒன்றில் மழலையர் வகுப்புச் சிறுமியர் இருவருக்குக் கொடுமை நேர்ந்தது. கைதானவர், ஒப்பந்தத்தில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத துப்புரவுப் பணியாளர். புகார் கொடுக்கப் போன பெற்றோர் காவல் நிலையத்தில் பல மணி நேரம் காத்துக் கிடந்தனர். தண்டவாளத்துக்கு மக்கள் வந்தது அதற்குப் பிறகுதான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் கீழ் 2020இல் விதிகள் வந்தன. பள்ளியோ காப்பகமோ விளையாட்டுப் பயிற்சிக் கூடமோ, பிள்ளைகளோடு பழகும் ஊழியர் ஒவ்வொருவரின் பின்னணியையும் போலீஸ் மூலம் விசாரித்தறிய வேண்டும். அதை அவ்வப்போது திரும்பச் செய்ய வேண்டும். நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர் என்ற பேதம் இல்லை. பொறுப்பு நிறுவனத்தினுடையது. நடைமுறையிலோ நிர்வாகம் ஒப்பந்தக்காரரைக் கைகாட்டுகிறது. ஒப்பந்தக்காரருக்கு ஆள் வந்தால் போதும்.

நம் மக்களில் ஆயாவாக, காவலாளியாக, பள்ளி வேன் ஓட்டுநராக உழைப்போர் பலர். போலீஸ் விசாரணை என்றதும் அவர்களுக்கு அச்சம். வெளியூர்க்காரன் என்ற பார்வை, கூலி இழப்பு, கைச்செலவு! அச்சம் நியாயமானதே. அதற்காக விசாரணையே வேண்டாம் என்று சொல்லமாட்டோம். செலவை நிர்வாகம் ஏற்கட்டும். அலையும் நாளுக்குக் கூலி தரட்டும். தாளாளர் முதல் துப்புரவாளர் வரை எல்லாருக்கும் ஒரே விசாரணை நடக்கட்டும். இதுவே நம் கோரிக்கை.

சான்றிதழ் இருந்தால் போதும் என்றும் மயங்க வேண்டாம். காவல் நிலையப் பதிவேட்டில் ஏறியதைத்தான் அது சொல்லும். மானம் போகும் என்று நாம் மூடி மறைக்கும் ஒவ்வொரு புகாரும் ஒரு கயவனுக்கு நாமே எழுதிக் கொடுக்கும் நற்சான்று. குற்றம் தெரிந்தவர் புகார் செய்தே ஆகவேண்டும் என்பது போக்சோ சட்டம். 1098 என்ற தொலைபேசி எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

ஊருக்குச் சொல்லும் நாம் செய்தது என்ன? நம் சங்கத்தின் மாலை வகுப்புக்கு வரும் ஆசிரியர்களிடம் ஊரைக் கேட்டோம், படிப்பைக் கேட்டோம். இதைக் கேட்கவில்லை. நம்மவர்தானே என்று இருந்துவிட்டோம். தவறு நம்முடையது. இனி நற்சான்று இல்லாமல் எவரும் அங்கே பாடம் நடத்தப் போவதில்லை. முதலில் விண்ணப்பிப்பவர்கள் நிர்வாகிகளாகிய நாமே.

தாய்மார்களே, தோழர்களே! பள்ளியில் கட்டணம் கட்டும் நாளில், ஊழியர்களைப் போலீஸ் மூலம் விசாரித்தீர்களா என்று கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் சங்கத்துக்கு வாருங்கள். சேர்ந்து போய்க் கேட்போம்.