பேராசையாம், பெருநஷ்டமாம்!

டிஜிட்டல் கைது மோசடியில் ஒருவர் பணம் பறிகொடுத்தார் என்று செய்தி வந்தால் போதும், கடற்கரைச் சாலையில் நடக்க வரும் நம்மவர்கள் "பேராசை பெருநஷ்டம்" என்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. இதில் ஆசை எங்கே வந்தது? லாட்டரி விழுந்தது என்றா அவன் கூப்பிடுகிறான்? "உங்கள் ஆதாரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டிருக்கிறது, சி.பி.ஐ.யிலிருந்து பேசுகிறேன்" என்கிறான். ஆளைச் சாய்ப்பது பயம்.

அந்தப் பயம் திருடனுக்கு வராது. வரியைக் கெடுவுக்குள் கட்டி, மேரியிலிருந்து ஒரு காகிதம் வந்தாலே மறுநாள் காலையில் போய் நிற்கிற மனிதருக்குத்தான் வரும். அரசு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பல வருஷம் பார்த்தவன் நான். முத்திரையைக் கண்டதும் குரல் தாழ்ந்துவிடும். 'ஏன்?' என்று கேட்பவரை அலுவலகங்கள் அலையவிட்டன, 'சரிங்க ஐயா' என்றவருக்கு வேலை நடந்தது. அப்படிப் பழகிய பணிவைத்தான் மோசடிக்காரன் அறுவடை செய்கிறான்.

விவரம் தெரியாதவர்தான் ஏமாறுவார் என்பதும் பொய். 2024இல் பஞ்சாபின் பெரிய ஜவுளிக் குழுமத் தலைவர், 82 வயதுக்காரர், 7 கோடி ரூபாய் இழந்தார். அவருக்கு வீடியோவில் போலி உச்ச நீதிமன்ற விசாரணையே நடத்திக் காட்டினார்கள்!

இன்னொரு ஆயுதம் தனிமை. "கேமராவை அணைக்காதே, யாரிடமும் சொல்லாதே." பிள்ளைகள் பாரிசில் இருக்க, பெரிய வீட்டில் ஒற்றையாக இருக்கும் நம் வயதுக்காரரை "யாருங்க போன்ல?" என்று கேட்க யார் இருக்கிறார்கள்?

குற்றத்துக்கு இரையானவரைப் பற்றிய படிப்புக்கு 'விக்திமொலொஜி' என்று பிரெஞ்சில் பெயர் வைத்த மெண்டல்சோன், இரையானவர் மேல் எவ்வளவு தப்பு என்று தரம் பிரித்தார். எங்கள் வாத்தியார்கள் இருபதுக்குப் போட்ட மார்க் மாதிரி. இங்கே திண்ணைக்குத் திண்ணை அந்த மார்க்கைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கேலிக்கு விலை உண்டு. மகள் என்ன சொல்வாளோ என்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருப்பவரின் பணம் அதற்குள் பல கணக்குகள் தாவிவிடும். உடனே 1930க்குச் சொன்னால் வங்கியில் நிறுத்திவைக்க வழி இருக்கிறது. டிஜிட்டல் கைது என்று நம் சட்டத்தில் எதுவும் கிடையாது. ஏமாந்து வந்தவரிடம் பழமொழி பேசாமல், அந்த எண்ணைப் போட்டு போனை அவர் கையில் கொடுங்கள்.