புள்ளிக் கணக்கில் அடங்காத அறிவு

அரசு ஊழியர்களின் திறன் மேம்பாட்டுக்காக 2020 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'கர்மயோகி' இயக்கத்தின் இணையதளத்தில், பாடம் ஒன்றை முடிப்பவருக்குக் 'கர்மா புள்ளிகள்' கிடைக்கின்றன. புள்ளி, பதக்கம், தரவரிசை என விளையாட்டின் இயல்புகளைப் பணியிடத்துக்குள் கொண்டுவரும் இந்த உத்தியை, தெரிந்ததைச் சக ஊழியருக்குச் சொல்ல வைப்பதற்கும் தனியார் நிறுவனங்கள் நெடுநாளாகக் கையாள்கின்றன. அரசுத் துறைகளும் அந்தக் கட்டத்துக்குச் செல்லக்கூடும். அதற்கு முன்பு இன்ஃபோசிஸின் அனுபவத்தைத் திரும்பிப் பார்ப்பது நல்லது.

2000-களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் தன் அறிவுப் பகிர்வுத் தளத்தில் புள்ளிமுறையைப் புகுத்தியது. ஆவணம் எழுதித் தருபவருக்குப் புள்ளி. அதைச் சரிபார்ப்பவருக்கும் புள்ளி. சேர்த்த புள்ளிகளுக்குப் பரிசு. ஆவணங்கள் வந்து குவிந்தன. சரிபார்ப்பவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. தரமானதைத் தேடி எடுப்பதே பெரும்பாடாயிற்று. பிறகு பரிசின் கவர்ச்சி குறைக்கப்பட்டது. ஆவணத்தால் பயனடைந்தவரின் கருத்துக்கு மதிப்பு கூட்டப்பட்டது.

இந்த வேறுபாடு விளாத்திகுளம் அருகே குளத்தூர் போன்ற கரிசல் ஊர்களில் வாழ்வாதாரப் பிரச்சினை. 2018-இல் இந்தியாவுக்குள் நுழைந்த படைப்புழு, அந்தப் பருவத்திலேயே தமிழக மக்காச்சோள வயல்களைச் சூறையாடியது. கோவில்பட்டியில் 1901 முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பொதுப் பரிந்துரைக்குக் குறைவில்லை. ஆனால், எந்தக் காட்டில் ஈரம் எத்தனை நாள் நிற்கும், எந்த விவசாயி சொன்னால் ஊர் கேட்கும் என்பதெல்லாம் பல பருவங்கள் அங்கே நடந்து திரிந்த உதவி வேளாண் அலுவலருக்கே தெரியும். மாறுதல் ஆணை வந்தால் அந்த அறிவும் அவருடன் போய்விடுகிறது. பதிவேற்றத்துக்குப் புள்ளி என்றால் புகைப்படங்கள்தான் சேரும்.

எண்ணிக்கையின் குணம் இந்த வட்டாரத்துக்குத் தெரியாததல்ல. தீப்பெட்டித் தொழிலில் பல வேலைகளுக்கு எண்ணிக்கைப்படிதான் கூலி. புதிதாக வந்த பெண்ணுக்குக் கைப்பக்குவம் சொல்லித் தரும் நேரத்தில், சொல்லித் தருபவரின் கூலி குறையும். ஆனாலும் கற்றுத் தருகிறார்கள் என்றால், அது உறவுக்காகவும் அண்டை வீட்டாருக்காகவும்தான்.

விளையாட்டு உத்தியே வேண்டாம் என்பதல்ல வாதம். புள்ளியைப் பெற்றவர் வழங்கட்டும்: மாறுதலான அலுவலர் விட்டுச்சென்ற குறிப்புகள் உதவினவா என்பதை, ஒரு பருவம் கழித்துப் புதியவர் சொல்லட்டும். அதைவிட அவசரமானது நேரம். பொறுப்பு ஒப்படைப்பு என்பது இன்று கோப்புகளையும் இருப்புப் பொருள்களையும் எண்ணிக் கையெழுத்திடுவதோடு முடிகிறது. பழையவரும் புதியவரும் சேர்ந்து வயல்களைச் சுற்றிவர ஒரு வாரத்தைப் பணிக்காலமாகவே வேளாண்மைத் துறை ஒதுக்கலாம். புரட்டாசி விதைப்புக்கு முன்பு மாறுதல் பெறுபவர்களிடமிருந்து அதைத் தொடங்கலாம்.