கதவைச் சாத்திவிட்டு ‘கூட்டம் எங்கே?’ என்று கேட்பவர்களுக்கு

“பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க ஆள் வருவதில்லை. ஆள் வராத இடத்துக்குப் பணம் எப்படி வரும்? இதில் பாகுபாடு எங்கே இருக்கிறது? இது வெறும் சந்தைக் கணக்கு.” விளையாட்டில் பெண்களுக்குரிய பங்கைப் பற்றி வாய் திறந்தாலே இந்தப் பதில் வந்து விழுகிறது. இது பொய்க்கணக்கு என்கிறேன் நான். அதைக் காட்ட ஸ்வீடனின் பெண்கள் ஃப்ளோர்பால் லீக்கை எடுத்துக்கொள்கிறேன். ஆண்-பெண் சமத்துவம் என்றதும் உலகமே கைகாட்டுகிற நாடு அது.

ஃப்ளோர்பால் நம்மில் பலர் பார்த்திராத ஆட்டம். உள்ளரங்கில் ஆடும் ஹாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலக் களம். சுற்றிலும் அரை மீட்டர் உயரத் தடுப்பு. துளைகள் போட்ட 23 கிராம் பிளாஸ்டிக் பந்து. கோல்கீப்பரையும் சேர்த்து அணிக்கு 6 பேர். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். பெண்கள் ஆடும்போது களம் சுருங்குவதில்லை, நேரம் குறைவதில்லை, பந்தின் எடையும் மாறுவதில்லை.

ஸ்வீடனின் முதல்நிலை லீக்கின் பெயர் ‘ஸ்வென்ஸ்கா சூப்பர்லீகன்’. ஆண்கள் லீக்குக்கும் பெண்கள் லீக்குக்கும் ஒரே பெயர்தான். அந்த நாட்டுப் பெண்கள் அணி 2007 முதல் 2023 வரை தொடர்ந்து 9 முறை உலகச் சாம்பியன். இந்த அணியை வளர்த்துக் கொடுத்தது அந்த லீக். மோரா என்கிற சிறு ஊரின் பெண்கள் அணிகூட அதில் பட்டம் வென்றிருக்கிறது. திறமைக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது சந்தைக்கு வருவோம். ஃப்ளோர்பாலில் ஆண்களுக்கான உலகச் சாம்பியன்ஷிப் 1996-இல் தொடங்கியது, பெண்களுக்கானது 1997-இல். ஓராண்டுதான் இடைவெளி. ஒலிம்பிக்கில் இடம்பெறாத விளையாட்டுகளுக்கென்று ‘வேர்ல்ட் கேம்ஸ்’ நடக்கிறது. 2017-இல் போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப் நகரில் நடந்த வேர்ல்ட் கேம்ஸில்தான் ஃப்ளோர்பாலுக்கு முதன்முறையாக அதிகாரபூர்வ இடம் கிடைத்தது. யாருக்கு? ஆண்களுக்கு மட்டும். 2022-இல் அமெரிக்காவின் பர்மிங்ஹாமிலும் ஆண்களுக்கு மட்டும். 2025-இல் சீனாவின் செங்டுவில்தான் பெண்களும் களமிறங்கினார்கள்.

2017-இல் ஸ்வீடன் பெண்கள் தொடர்ந்து 5 உலகப் பட்டங்களை வென்று முடித்திருந்தார்கள். அவர்களை வேண்டாம் என்று சொன்ன பார்வையாளர் யார்? ஒருவரும் இல்லை. ஆட்டமே நடக்கவில்லையே! நிகழ்ச்சிநிரல் போட்டவர்கள் எடுத்த முடிவு அது. முதலில் மேடை கிடையாது. மேடை இல்லாததால் கேமரா கிடையாது. கேமரா இல்லாததால் விளம்பரதாரர் கிடையாது. கடைசியில் ‘உங்களுக்குச் சந்தை இல்லை’ என்று தீர்ப்பு. படிக்க விடாமல் வைத்துவிட்டுத் ‘தகுதி இல்லை’ என்று சொன்ன குரல் நமக்கு ஏற்கெனவே பழக்கமானதுதானே?

ஸ்வீடனில் ஆண், பெண் இறுதிப்போட்டிகள் ஒரே நாளில், ஒரே அரங்கில் நடக்கின்றன. நல்ல ஏற்பாடு, வரவேற்கிறேன். ஆனால் ஆண்டில் ஒருநாள் அரங்கைப் பகிர்ந்துகொள்வதோடு கடமை முடிந்துவிடாது. முதல்நிலை லீக்கில் ஆடும் பெண்களில் பெரும்பாலோர் பகலில் வேலைக்கோ படிப்புக்கோ போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள். “ஆண்களிலும் பலர் அப்படித்தான், பணமில்லாத விளையாட்டு இது” என்பார்கள். உண்மைதான். இருக்கும் சோறு கொஞ்சம் என்றால், முதல் பந்தியில் யார் உட்காருகிறார்கள் என்ற கேள்விக்கு அங்கேதான் அதிக வலு. கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர்களிடம் ‘உங்களுக்குப் பசியே இல்லை போல’ என்று சொல்வது அயோக்கியத்தனம்.

ஆகவே கருணை வேண்டாம், கணக்கு வேண்டும். ஸ்பான்சர் பணம், பயிற்சியாளர் சம்பளம், பயணச் செலவு, பிசியோதெரபி ஆகியவற்றில் ஆண்கள் அணிக்கு எவ்வளவு, பெண்கள் அணிக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு கிளப்பும் பிரித்துக் காட்டட்டும். கூட்டம் சேரும் நேரமும் நேரலையும் முறைவைத்துப் பகிரப்படட்டும். பத்து ஆண்டுகள் அப்படி நடத்திப் பார்த்துவிட்டு, அப்புறம் சந்தையைப் பற்றிப் பேசலாம்.

எந்த ஊரில், எந்த ஆட்டத்தைப் பற்றி ‘பெண்களுக்குக் கூட்டம் வராது’ என்று சொன்னாலும், தோழர்களே, தலையாட்டிவிடாதீர்கள். எத்தனை மணிக்கு ஆட்டம் வைத்தீர்கள், எந்த அரங்கில் வைத்தீர்கள், விளம்பரத்துக்கு எவ்வளவு செலவழித்தீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.