பெயர்களைத் தாருங்கள்

செப்டம்பர் 30 வந்தால் கனடாவெங்கும் ஆரஞ்சு நிறச் சட்டைகள். 2021 முதல் அது சட்டப்படியான நினைவு நாள். நல்லதுதான். ஆனால் நாம் நினைவுகூரும் பிள்ளைகளில் பலருக்கு ஏட்டில் இன்னும் பெயர்கூட இல்லை.

கனடா அரசும் திருச்சபைகளும் நடத்திய வதிவிடப் பாடசாலைகளில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பூர்வகுடிப் பிள்ளைகள் படித்தார்கள். பெரும்பாலோர் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டவர்கள். உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் அறிக்கை தந்தபோது சுமார் 3,200 மரணங்களைக் கண்டறிந்திருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினரின் பெயரை அரசோ பள்ளியோ பதியவே இல்லை. ஏறக்குறைய பாதிப்பேர் எதனால் இறந்தார்கள் என்ற குறிப்பும் கிடையாது. உடலை ஊருக்கு அனுப்பச் செலவாகும் என்று பலரைப் பள்ளி வளவிலேயே புதைத்தார்கள்.

தெரியாமல் நடந்ததல்ல இது. நெரிசலான, காற்றோட்டமில்லாத பள்ளிகளில் காசநோய் பிள்ளைகளைக் கொல்கிறது என்று அரசின் தலைமை மருத்துவ அதிகாரி பீட்டர் பிரைஸ் 1907இலேயே எழுதிக் கொடுத்தார். அரசோ அவர் சொன்னதை ஒதுக்கிவிட்டு, 1920இல் பிள்ளைகளை அனுப்புவதைக் கட்டாயமாக்கச் சட்டத்தைத் திருத்தியது. இதைத் தேசியக் குற்றம் என்றே பெயரிட்டு 1922இல் அவர் நூல் வெளியிட்டார்.

2008 ஜூனில் பிரதமர் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஆண்டே, இறந்த பிள்ளைகளையும் புதைகுழிகளையும் தேட ஆணைக்குழு கேட்ட 15 லட்சம் டாலரை அவருடைய அரசு மறுத்தது.

2021இல் கம்லூப்ஸ் வதிவிடப் பாடசாலை வளவில் நிலத்தடி ரேடார் காட்டியது புதைகுழிகளாக இருக்கக்கூடிய தடங்களை. தோண்டி எடுக்கவில்லையே, ஆகவே எல்லாம் கட்டுக்கதை என்கிறார்கள் சிலர். அந்த 3,200 ரேடாரில் எண்ணப்பட்டதல்ல. அரசும் திருச்சபைகளும் விட்டுச்சென்ற காகிதங்களிலிருந்து எண்ணப்பட்டது. மறுப்பவர்களுக்கு விடை மிச்சமிருக்கும் காகிதங்களில்தான் இருக்கிறது.

ஆகவே அரசும் திருச்சபைகளும் தம்மிடமுள்ள இறப்புப் பதிவு, அடக்கப் பதிவு அனைத்தையும் மானிடோபா பல்கலைக்கழகத்திலுள்ள உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய மையத்திடம் ஒப்படைக்க வேண்டும். தேடலுக்கான பணம் ஆண்டுதோறும் கையேந்திப் பெறுவதாக இருக்கக்கூடாது. தோண்டுவதா வேண்டாமா என்பதை அந்தந்தச் சமூகமே தீர்மானிக்கட்டும்.

பூர்வகுடிகளின் உரிமைகளை ஏற்கும் வாசகம் 2021 முதல் குடியுரிமை உறுதிமொழியில் இருக்கிறது. கனடாவில் குடியேறிய தமிழரும் அதைச் சொல்லித்தான் குடிமக்களாகிறார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் தாய்மார் தெருவில் நிற்பதை அறிந்தவர்கள் நாம். நம் வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் இந்தக் கோப்புகளைப் பற்றிக் கேட்போம்.