பூச்சும் ருஜுவும்

தொட்ட மாத்திரத்தில் கிருமிகள் மாண்டொழியுமென்று சொல்லப்படும் பலவிதப் பூச்சுகள் இப்பொழுது விற்பனைக்கு வந்திருக்கின்றன. கதவுப் பிடிக்கு ஒன்று, கட்டில் கம்பிக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று. 2020-ம் வருஷத்தில் கொரோனா வியாதி பரவியது முதல் இவற்றின் விளம்பரம் பெருகியிருப்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். பொது ஜனங்களின் வரிப்பணத்தில் நடைபெறும் ஆஸ்பத்திரிகளிலும் இவற்றைப் பூசவேண்டுமென்ற யோசனை எழுவது சகஜமே. அவ்வாறு பணத்தைச் செலவிடுமுன் இதில் உண்மை எவ்வளவு, ஆரவாரம் எவ்வளவு என்று விசாரிப்பது நமது கடமையாகும்.

உண்மை இல்லாமலில்லை. நேர் மின்சாரம் தாங்கிய ஒருவகை அமோனிய உப்புகள் பாக்டீரியாக்களைக் கொல்லும் என்பதை ஜெர்மானிய வைத்திய சாஸ்திரியான டோமாக் 1935-லேயே வெளியிட்டார். ஆனால் அவ்வுப்புகள் நீரில் கரைந்து போய்விடக் கூடியவை, துடைத்தால் தீர்ந்தது. 2001-ல் அமெரிக்காவில் டில்லர், லியாவ், லூயிஸ், கிளிபனாவ் என்ற நால்வர், அதே நேர் மின்சாரத்தை ஒரு பாலிமர்ச் சங்கிலியில் ஏற்றி, அச்சங்கிலியைக் கண்ணாடியோடு பிரிக்க முடியாதபடி பிணைத்தனர். அக்கண்ணாடியின்மேல் தெளித்த ஸ்டாபிலோகாக்கஸ் கிருமிகளில் நூற்றுக்குச் சுமார் 94 மாண்டன. பாக்டீரியாவின் மேலுறை எதிர் மின்சாரமுடையது. ஆதலால் அது பூச்சினால் இழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் உறை கிழிந்து, உள்ளிருக்கும் சத்து வெளியே கசிந்துவிடுகிறது. மருந்துக்கு வளைந்து கொடுத்துத் தப்பக் கற்ற கிருமிக்கும் மேலுறையை மாற்றிக்கொள்வது அவ்வளவு எளிதன்று. 2005-ல் இவர்களில் சிலர் பங்குகொண்டு செய்த பரிசோதனையில் அத்தகைய எதிர்ப்புச் சக்தி உண்டாகவில்லை.

இம்முயற்சியில் நமது தேசத்தவருக்கும் பங்கு உண்டென்பது மகிழ்ச்சிக்குரியது. 2006-ல் கிளிபனாவின் கூட்டத்தில் ஒருவராக இருந்து, இன்புளூயன்ஸா விஷக்கிருமியையும் பாக்டீரியாவையும் ஒருங்கே செயலிழக்கச் செய்யும் பூச்சை வெளியிட்ட ஜயந்த ஹால்தார், பின்னர் பெங்களூர் ஜவாஹர்லால் நேரு உயர்தர விஞ்ஞான ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் அவ்வேலையைத் தொடர்ந்தார். புற ஊதாக் கதிரின் உதவியால் துணியிலும் பிளாஸ்டிக்கிலும் பிணைந்துகொள்ளும் ஒரு பூச்சை அந்த ஸ்தாபனத்தார் 2020-ல் அறிவித்தனர். இத்தகைய ஆராய்ச்சிக்குச் சர்க்கார் எவ்வளவு உதவினாலும் தகும்.

ஆனால் ஆராய்ச்சி சாலையில் ஜயித்தது ஆஸ்பத்திரியிலும் ஜயிக்குமா என்பதே வழக்கு. கோர்ட்டில் வாதிதான் தன் பிராதை ருஜுப்பிக்க வேண்டும்; விற்பவரிடமும் அதையே கேட்கிறோம். இப்பூச்சுகளின் விளம்பரங்களில் காணப்படும் ‘நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது’ எங்கிருந்து வருகிறது? ஐ.எஸ்.ஓ. 22196 என்ற சர்வதேசப் பரிசோதனை முறையில், கிருமி கலந்த திரவத்தைப் பூச்சின்மேல் விட்டு, மெல்லிய தகட்டினால் மூடி, 35 டிகிரி வெப்பத்திலும் நூற்றுக்குத் 90-க்குக் குறையாத ஈரப்பதத்திலும் 24 மணி நேரம் வைக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கதவுப் பிடியோ பெரும்பாலும் உலர்ந்தே இருக்கிறது. ஒரு நோயாளியைத் தொட்ட கை அதைத் தொட்டு, அடுத்த நிமிஷமே வேறொரு கை அதைத் தொடுகிறது. ஒரு நாள் முழுதும் ஈரத்தில் ஊறவைத்துக் கண்ட பலனை அந்த ஒரு நிமிஷத்துக்குச் சாட்சியாகக் கொண்டுவந்தால், குறுக்கு விசாரணையில் அச்சாட்சி நிற்கமாட்டான்.

வேறொரு குறையும் உண்டு. பூச்சோடு பிணைந்த பாலிமர், தன்னைத் தொடும் கிருமியை மட்டுமே கொல்லும். இறந்த கிருமிகளும், இரத்தமும், சளியும், தூசியும் அதன்மேல் படிந்துவிட்டால், அப்படிவின் மேல் வந்து உட்காரும் கிருமிக்குப் பூச்சு இருப்பதே தெரியாது. துடைப்பவன் வந்தாக வேண்டும். துடைப்பவனுக்குக் கூலி மிச்சமென்று சொல்லி இதை விற்பாராகில், அது தலைகீழான கணக்கு.

நோயாளிகளிடமே நடத்திப் பார்த்த பரிசோதனைகள் என்ன கூறுகின்றன? மூச்சுவிட உதவும் இயந்திரத்தோடு இணைக்கும் குழாயில் வெள்ளி கலந்த பாலிமரைப் பூசி நடத்திய சோதனையின் முடிவு 2008-ல் வெளிவந்தது. அக்குழாயிட்டவர்களில் நுரையீரல் ஜ்வரம் கண்டவர்கள் நூற்றுக்கு 7.5-லிருந்து 4.8-ஆகக் குறைந்தனர், ஆனால் மரணங்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. பிரிட்டனில் 24 ஆஸ்பத்திரிகளில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் சிறுநீர்க் குழாய்களைப் பரீக்ஷித்து 2012-ல் முடிவை வெளியிட்டனர். அங்கே வெள்ளிப் பூச்சிட்ட குழாயும் சாதாரணக் குழாயும் ஏறக்குறைய ஒன்றாகவே நின்றன. ஒரே வெள்ளி, ஓரிடத்தில் உதவிற்று, மற்றோரிடத்தில் உதவவில்லை. ஆகவே ஒவ்வொரு பொருளையும் அதனதன் உபயோகத்திலேயே சோதிக்கவேண்டுமென்பது வெளிப்படை.

2019-ல் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக மாண்டவர் உலகெங்கும் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இத்துன்பத்தைத் தணிக்கும் எந்தச் சாதனத்தையும் நாம் பழிக்க விரும்பவில்லை. ஆனால் குழாயில் தண்ணீர் வராத வார்டுகள் நம் நாட்டில் இல்லையென்று எவரும் சத்தியம் செய்யத் துணியார். கைகளைக் கழுவச் செய்ததனாலேயே பிரசவ ஜ்வர மரணத்தை 1847-ல் வியன்னாவில் ஸெம்மல்வைஸ் வெகுவாகக் குறைத்துக் காட்டினார். அதற்குத் தண்ணீரும், ஒரு பாத்திரமும், சுண்ணக் குளோரினுமே தேவைப்பட்டன.

ஆகையால் நமது கோரிக்கை இது. பூச்சு வாங்க வேண்டுமானால், முதலில் இரண்டு மூன்று ஆஸ்பத்திரிகளில், பூசிய வார்டுகளையும் பூசாத வார்டுகளையும் ஒரு வருஷம் ஒப்பிட்டு, விற்பவரின் கூலியாட்களல்லாத வைத்தியர்களைக் கொண்டு எண்ணச் செய்க. எண்ணவேண்டியது சுவரில் மாண்ட கிருமிகளையல்ல, கட்டிலில் தொற்று நோய் கண்ட மனிதர்களை. அக்கணக்கு பாதகமாக இருந்தாலும் பிரசுரிக்க வேண்டும். அது வெளிவரும்வரை அப்பணத்தைத் தண்ணீர்க் குழாய்களுக்கும், சோப்புக்கும், துப்புரவுத் தொழிலாளர் சம்பளத்துக்கும் ஒதுக்குவதை எந்தச் சட்டசபை அங்கத்தினரும் ஆக்ஷேபிக்க மாட்டாரென்று நம்புகிறோம்.